சுமதி போட்ட முடிச்சு

அது விழுந்தபோது பெரிய சத்தம் எதுவும் வரவில்லை.

கருங்கல் தரை, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு. அதில் ஒரு பொட்டுத் தங்கமும் நனைந்த மஞ்சள் கயிறும் விழுந்தால் எவ்வளவு சத்தம் வந்துவிடும்? சட்டைப் பையிலிருந்து சாவி நழுவியிருந்தால் இதைவிட அதிகமாகக் கேட்டிருக்கும். ஆனாலும் அங்கே இருந்த ஒன்பது பேருக்கும் கேட்டது. கற்பூரத் தட்டை எடுக்கப் போன குருக்களின் கை பாதியில் நின்றது.

விஜயா சாமி கும்பிடக் குனிந்தவள், குனிந்தபடியே இருந்தாள். அவள் கழுத்தில் ஏறி ஐந்து நிமிஷம்கூட ஆகாத தாலி அவள் முகத்துக்கு நேரே தரையில் கிடந்தது. அவளுக்குப் பின்னால் காமாட்சி விளக்கை ஏந்திக்கொண்டு என் தங்கை சுமதி நின்றாள். அவள் தாலியைப் பார்க்கவில்லை. விளக்கைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் முதல் சைக்கிளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்ததாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவர்கள் இந்த வாரம் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வயிறு வலிக்கலாம். சிரிப்புக்கு நான் பொறுப்பில்லை.

ஒன்பது பேர் கல்யாணம்

நாற்பத்தொன்பது வயதில் கல்யாணம் செய்துகொள்கிறவன் மண்டபம் பிடிக்கக் கூடாது என்பது என் கொள்கை. வெட்கத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர்தான் கொள்கை.

எனவே ஆரணிக்கு வெளியே ஒரு சின்ன முருகன் கோவில். பெண்ணழைப்பு இல்லை, மேளம் இல்லை, வாசலில் பன்னீர் தெளிக்க ஆள் இல்லை. மாப்பிள்ளைத் தோழன் என்று ஒருவன் புதுச் சட்டையோடு பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பானே, அவனும் இல்லை. என் தோழர்கள் எல்லோருக்கும் முட்டி வலி; அவர்களைப் பிடித்துக்கொள்ளத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும். மணப்பெண்ணுக்கும் தோழிகள் இல்லை. அவளுடைய நெருங்கிய தோழி ஒருத்திக்கு அன்றைக்குப் பேரனைத் தொட்டிலில் போடும் வைபவம்.

விஜயாவின் அண்ணன், அண்ணி, பெரியம்மா. என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேர். குருக்கள். விஜயா, நான், சுமதி. அவ்வளவுதான் கூட்டம். ஒரு ஷேர் ஆட்டோவில் இதைவிட அதிகம் பேர் போவார்கள்.

இதில் சுமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பத்திரிகையை நெடுநாளாகப் படிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கு நான்தான் காரணம்.

வாசகர்களின் அபிமானத் தங்கை

அவள் என்னைவிட எட்டு வயது இளையவள். அப்பா போனபோது நான் கல்லூரியில் இருந்தேன், அவள் ஒன்பதாம் வகுப்பில். இருவரில் ஒருவர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. என் விரல்கள் தடிமன், அவள் விரல்கள் மெலிசு. தறியில் பாவு பிணைக்கிற வேலைக்கு மெலிசான விரல்தான் வேண்டும். இப்படி இயற்கையே முடிவெடுத்துவிட்டதாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டு பி.எட். முடித்தேன்.

பிறகு அம்மாவும் போனாள். எங்கள் இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருவர். சுமதியைப் பெண் கேட்டு மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். "விசாரிக்கிறேன்" என்றேன். விசாரித்துக்கொண்டே இருந்தேன். நான் விசாரித்து முடிப்பதற்குள் அந்த மாப்பிள்ளைகளின் பிள்ளைகள் என் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்த நாட்களில்தான் எனக்கு எழுத்து வந்தது. வாரா வாரம் சிரிக்க வைக்க யாராவது வேண்டுமே. வீட்டில் இருந்தது ஒருத்திதான். சுமதி ரசம் வைத்த கதை, சுமதி செல்போனைத் துணி சோப்பு போட்டுத் துடைத்த கதை, சுமதியின் குறட்டை, சுமதி தேங்காய் வாங்கும்போது கடைக்காரரிடம் நடத்தும் விசாரணைக் கமிஷன். வாசகர்களுக்கு அவளை மிகவும் பிடித்தது.

அவளும் வாரா வாரம் படிப்பாள். வேலை விட்டு வந்து, கையில் ஒட்டிய சாம்பலைக் கழுவிவிட்டு, பத்திரிகையைப் பிரித்து, என் பக்கத்தை ஆதி முதல் அந்தம் வரை படிப்பாள். சிரிக்க மாட்டாள். மடித்து வைத்துவிட்டு, "சோறு போடட்டுமாணா?" என்பாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்று அதையும் ஒரு வாரம் எழுதினேன்.

விஜயா என் வாழ்க்கைக்குள் வந்தது ஓர் அஞ்சலட்டையில். தெள்ளாரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். இந்தக் காலத்திலும் அஞ்சலட்டை வாங்கி எழுதும் பெண். அதில் இரண்டே வரி: "உங்கள் தங்கையைக் கேலி செய்யாமல் உங்களால் ஒரு வாரம் எழுத முடியுமா? அவரிடம் அனுமதி கேட்டீர்களா?"

என்னைப் பாராட்டி எழுதிய ஆயிரம் பேருக்குப் பதில் போட்டதில்லை. திட்டிய ஒருத்திக்குப் போட்டேன். அதற்கு அவள் பதில், அதற்கு நான். இரண்டு வருஷத்தில் முருகன் கோவில்.

ஆக, அவள் என்னைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே என் தங்கையின் கட்சி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சும்மா நிக்க வெக்காதீங்க"

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் விஜயா போனில் கேட்டாள்.

"உங்க தங்கச்சி அன்னைக்கு இன்னா பண்ணப் போறாங்க?"

"இன்னா பண்ணணும்? வந்து நிப்பா."

"அதான் கேக்கறேன். தோழி இல்ல, வரிசைத் தட்டு இல்ல, ஒண்ணும் இல்லாத கல்யாணம். கூட வர்றவங்க சாப்பாடு எப்ப வரும்னு நின்னுகினு இருப்பாங்க. அவங்களும் அப்டியே நிக்கணுமா? அவங்கள சும்மா நிக்க வெக்காதீங்க."

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருப்பது எனக்குப் பழக்கம் என்பதால் அன்றும் அப்படியே இருந்தேன். ஆனால் அவள் சொன்னது மண்டையைக் குடைந்தது.

ஏனென்றால் வீட்டில் சுமதி சில நாட்களாக ஒரு மாதிரியாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். "கட்டில எந்த ரூம்ல போடறதுணா?" என்பாள். "பீரோவுல என் துணி கீழ்த்தட்டுல இருந்தா போதும்ல?" என்பாள். கட்டிலும் பீரோவும் அல்ல அவள் கேட்டது. இனி இந்த வீட்டில் தனக்கு என்ன இடம் என்பதுதான் கேள்வி. அதை அவள் நேராகக் கேட்டுவிடுவாளோ என்பது என் பயம். கேட்டால் நான் நேராகப் பதில் சொல்ல வேண்டும். என் ஆயுளில் நான் செய்யாத வேலை அது.

செல்போனில் தேடிப் பார்த்தேன். தோழன் தோழி இல்லாத கல்யாணத்தில் தம்பி தங்கைகளுக்கு என்ன பொறுப்பு கொடுக்கலாம் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் பட்டியல் போட்டிருந்தார். பூங்கொத்து பிடிக்கச் சொல்லலாம். நாய்க்குட்டியை அழைத்து வரச் சொல்லலாம். எழுந்து நின்று ஒரு கவிதை படிக்கச் சொல்லலாம்.

"சுமதி, நீ ஒரு கவிதை படிக்கிறியா?"

"கோவில்லயா?"

"ஆமா."

"எனக்கு எதுக்குணா இந்தப் பேஜாரு? குருக்கள் கோச்சிக்கப் போறாரு."

அப்போதுதான் தோன்றியது. எந்த வெள்ளைக்காரரும் சொல்லித் தராமல் நம்மிடமே ஒன்று இருக்கிறது. தாலிக்கு மூன்று முடிச்சு. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டையும் அவனுடைய சகோதரி போடுவாள். நாத்தனார் முடிச்சு. கூட்டம் வேண்டாம், மேளம் வேண்டாம். ஒரு தங்கை இருந்தால் போதும்.

சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"நானா?"

"வேற யாரு இருக்காங்க?"

இதை இன்னும் கொஞ்சம் அழகாகச் சொல்லியிருக்கலாம். வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவன் நான். ஆனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறந்தாள்.

"ரெண்டு முடிச்சு தானே," என்றேன். "தினமும் ஆயிரக்கணக்குல போடறவளுக்கு இது ஒரு வேலையா?"

"நாங்க போடறது முடிச்சு இல்லணா," என்றாள். "இத்தினி வருஷமா எழுதற, இது தெரியல உனக்கு."

அதற்கப்புறம் கட்டிலைப் பற்றியும் பீரோவைப் பற்றியும் அவள் கேட்கவில்லை. கடையில் அவளுக்கு எடுத்த பட்டுச் சேலையை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, "நம்ம ஊரு பாவு தான். நான் தொட்டது இல்ல, நல்லா இருக்குது," என்றாள். அந்தப் பத்து நாளும் அவள் நடையே மாறியிருந்தது. அந்த இரண்டு முடிச்சு அவளுக்கு என் பதில். வாயைத் திறக்காமல் பதில் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பெரிய நிம்மதி.

விரலுக்குத் தெரிந்த வேலை

இங்கே கொஞ்சம் தறிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். ஆரணிக்காரர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடியும்போது அதை அப்படியே அறுத்துவிட்டால், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து தறிக்குள் கோர்க்க வேண்டும். அதனால் பழைய பாவின் கடைசி நுனிகளை விட்டு வைப்பார்கள். சுமதி போன்றவர்கள் வந்து தறிக்குள் உட்கார்ந்து, பழைய நுனி ஒன்று, புது நுனி ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். ஆயிரக்கணக்கான நுனிகள். காலையில் உட்கார்ந்தால் முதுகு நிமிர மாலையாகும்.

அந்தச் சேர்ப்பில் முடிச்சு கிடையாது. முடிச்சுப் போட்டால் அது சீப்பு மாதிரி இருக்கும் அச்சுப் பல்லில் மாட்டி இழை அறுந்துவிடும். இரண்டு நுனியையும் ஒன்றாகப் பிடித்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு திருகு, மடக்கி இன்னொரு திருகு. அவ்வளவுதான். ஒரு பக்கம் பழைய பாவும் மறுபக்கம் புதுப் பாவும் இழுத்துப் பிடித்திருக்கும்வரை அது விடாது. சுமதி இதை இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் செய்கிறாள். பார்த்துச் செய்வதில்லை. ஜன்னலைப் பார்ப்பாள், வாசலில் போகிற ஆளைப் பார்ப்பாள். விரல்கள் தம் பாட்டுக்குத் திருகிக்கொண்டிருக்கும்.

முகூர்த்த நேரத்தில் குருக்கள் மந்திரம் சொன்னார். நான் தாலியை விஜயாவின் கழுத்தில் வைத்தேன். மாலை, ஜடை, பூ, விஜயாவின் அண்ணியின் கை என்று பின்பக்கம் ஒரே நெரிசல். என் பங்கை முடித்தேன். சுமதி விளக்கை அண்ணியிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து விரலை ஓட்டினாள், விளக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எல்லோரும் அட்சதை போட்டோம், அதாவது போட்டார்கள். பிறகு விஜயா சாமி கும்பிடக் குனிந்தாள்.

நான் சொன்ன வேடிக்கை

சத்தம் வராமல் விழுந்ததைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பின் நடந்ததைச் சொல்லத்தான் இந்த வாரம் இவ்வளவு சுற்றி வந்தேன்.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் குருக்கள். "எடுத்து மறுபடி கட்டிடலாம். முகூர்த்தம் இன்னும் இருக்கு."

விஜயாவின் பெரியம்மா ஓரடி முன்னால் வந்தார். தரையைப் பார்த்தார். பிறகு சுமதியைப் பார்த்தார், மேலிருந்து கீழ்வரை. அந்தப் பார்வை எனக்குப் பிடிபட்டது. கல்யாணமாகாத தங்கை, அண்ணன் வீட்டை ஆண்டவள், தாலி அவிழ்கிறது. ஒரு நிமிஷம் விட்டால் அந்தக் கணக்கு வாய்க்கு வந்துவிடும். அதற்குள் நான் ஏதாவது செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.

"இருவது வருஷமா எனக்குச் சோறு போட்ட கை," என்றேன். "இன்னொருத்தி கிட்ட ஒப்படைக்க மனசு வரல போல."

சிரித்தார்கள். என் நண்பர்கள் சிரித்தார்கள், விஜயாவின் அண்ணன் சிரித்தார், குருக்கள்கூடத் தோள் குலுங்கச் சிரித்தார். பெரியம்மா சிரித்தபடியே, "அதானே பாத்தேன்," என்றார். நிலைமையைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட வந்தது. எழுத்தாளன் என்றால் சும்மாவா.

சிரிக்காதவள் விஜயா. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்த அஞ்சலட்டை எழுதியபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்று தெரிந்தது.

"தள்ளும்மா, இந்தத் தடவை நான் பாத்துக்கறேன்," என்று பெரியம்மா சுமதியின் இடத்துக்கு வந்தார். "அவங்களே போடட்டும் பெரியம்மா," என்றாள் விஜயா. ஆனால் அதற்குள் சுமதி விளக்கோடு தூணோரம் போய் நின்றுவிட்டாள். எது நடக்கக் கூடாது என்று பத்து நாள் பாடுபட்டோமோ அது நடந்தது. என் கல்யாணத்தில் என் தங்கை சும்மா நின்றாள்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பழியை அவள் மேல் முதலில் போட்டவன் நான். அதையும் எல்லோரும் ரசிக்கும்படி போட்டேன்.

போகிற பஸ்

அந்த வாரம் முழுக்க அவள் சாதாரணமாக இருந்தாள். விஜயாவுக்கு எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தாள். மின்சார மோட்டாரை எப்படித் தட்டினால் ஓடும் என்று சொல்லிக் கொடுத்தாள். எட்டாம் நாள், "களம்பூர்ல பெரியப்பா பொண்ணு வூட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்ணா," என்றாள். ஒரே ஒரு பை. பீரோவின் கீழ்த்தட்டைத் துடைத்து, பேப்பர் மாற்றிப் போட்டிருந்தாள். பட்டுச் சேலை மட்டும் அதில் இருந்தது.

கொஞ்ச நாள் என்று அவள் சொன்னது ஆவணியில். இப்போது தை முடியப் போகிறது.

வேலை அவளுக்கு இன்னமும் சேவூர்த் தறி வீடுகளில்தான். காலை ஏழே காலுக்குக் களம்பூரிலிருந்து வரும் பஸ் எங்கள் தெருமுனையில் நின்றுதான் போகும். நான் பால் வாங்கும் சாக்கில் அங்கே நிற்பேன். வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் எங்கள் தெரு தெரியும், எங்கள் வீட்டுக் கதவுகூடத் தெரியும். அவள் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பாள். முதல் வாரம் தற்செயல் என்று நினைத்தேன். வலப்பக்கம் காலியாக இருந்த நாட்களிலும் இடப்பக்கம்தான்.

மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்க வேண்டும். மஞ்சள் கயிற்றை எடுத்துவிட்டுப் புதிதாகக் கோர்த்துப் போடுகிற சடங்கு. "நாத்தனார் வந்தாத்தான் பிரிப்பேன்," என்றுவிட்டாள் விஜயா. ஐப்பசியில் அவள் பெரியம்மா வந்து கேட்டார். அதே பதில். ஐந்தாம் மாதத்திலும் அதே பதில். அலுவலகத்தில் கேட்கிறார்களாம், "இன்னாம்மா, இன்னும் கயிறா?" என்று. கயிறு மஞ்சள் போய், வெள்ளை போய், இப்போது பேர் சொல்ல முடியாத ஒரு நிறத்தில் இருக்கிறது.

"நான் கூப்ட்டா வர மாட்டேன்றாங்க," என்றாள் போன வாரம். "நீங்க போங்க. போய் சிரிப்பு காட்டாம பேசுங்க. முடியுமா?"

இரண்டு நுனி

சனிக்கிழமை. பூ, பழம், வெற்றிலையோடு சேவூரில் சுமதி வேலை செய்த வீட்டுக்குப் போனேன். தனபால் என்கிற நெசவாளர் வீடு. பழைய பாவு மாம்பழ மஞ்சள், புதுப் பாவு கத்திரிப்பூ நிறம். நடுவில் சுமதி.

"இன்னாணா, ஸ்கூல் இல்லியா?"

"சனிக்கிழமை."

"உக்காருங்க சார்," என்றார் தனபால். "பேசுங்க. அவங்க கை ஓடிகினே தான் இருக்கும். வாய் தான் ஓடாது. நாள் பூரா பேசினா நாலு வார்த்த."

டீ வாங்கி வருவதாகச் சொல்லி அவர் நாகரிகமாக வெளியே போனார்.

"விஜயா தாலி பிரிச்சுக் கோக்கணும். நீ வந்தாத்தான்னு நிக்கிறா."

"அண்ணி கழுத்துல இன்னும் கயிறா?"

"ம்."

"வெளுத்துப் போயிருக்குமே."

"போச்சு."

ஓர் இழை தவறியது. எடுத்து மறுபடி திருகினாள். நான் ஆறு மாதமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்கு இன்னாதான் ஆச்சு சுமதி?"

"கண்ணுல தண்ணி வந்துடுச்சி. ஒண்ணுமே தெரில." கத்திரிப்பூ நிறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சந்தோஷத்துல வந்துது. வேற ஒண்ணும் இல்லணா. நீ ரெண்டு நுனியையும் என் கையில குடுத்துட்ட. கண்ணு தெரியாம ரெண்டு நுனி கையில வந்தா, என் கை திருகாம வேற இன்னா பண்ணும்?"

"மொத முடிச்சு நான் போட்டேனே. அது நின்னிருக்கணும் இல்ல?"

"நீ போடலணா."

"போட்டேன்."

"குறுக்கால ஒண்ணு வச்ச. அவ்ளோ தான். முடியும் பூவும் நடுவுல வந்துது, உனக்குச் சலிப்பு வந்துடுச்சி. அப்டியே உட்டுட்ட."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூளைக்கு அல்ல, விரல்களுக்கு. ஜடைக்குக் கீழே ஈரக் கயிறு வழுக்கியது. ஒரு சுற்று சுற்றப் பார்த்தேன், சரியாக வரவில்லை. பின்னால் சுமதி வருவது தெரிந்தது. மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள் என்று கையை எடுத்துவிட்டேன். அப்பா போனதிலிருந்து நான் எல்லாவற்றிலும் செய்தது அதுதான்.

"அங்கயே சொல்லியிருக்கலாமே," என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இன்னான்னு சொல்றது? மாப்ளயே கட்டலன்னா? நீ அதுக்கும் ஒரு ஜோக்கு சொல்லிட்டுப் போயிடுவ. அண்ணிக்குத் தான அசிங்கம்."

திருகு. மடக்கி இன்னொரு திருகு.

"நீ வெளாட்டுக்குச் சொன்னது தான். தெரியும். நானும் தான் சிரிச்சேன், நீ பாக்கல." அடுத்த நுனியை எடுத்தாள். "அந்தப் பெரியம்மா மனசுல தான் வெச்சினு இருந்தாங்க. நீ சொன்னப்பறம் ஊருக்கே வாய் வந்துடுச்சி. பால் வாங்கப் போனா கேக்கறாங்க, நீ தான் அவுத்து உட்டியாமேன்னு. அண்ணி நல்லவங்க தான். ஆனா அவங்களுக்கு ஒரு தலவலின்னாலும் என் கைய தான் பாப்பாங்க ஜனங்க. அந்தக் கையால நான் எப்டி அங்க சோறு போடறது?"

"வீட்டுக்கு வா சுமதி."

"இந்தப் பாவு முடியட்டும்."

"முடிஞ்சதும் வரியா?"

"அடுத்த வூட்ல ஒண்ணு இருக்குது. அவங்க ஜல்தியா கேக்கறாங்க."

டீ வந்தது. குடித்தேன். பூவையும் பழத்தையும் தறி ஓரத்தில் வைத்தேன். வாசல்படி இறங்கும்போது கூப்பிட்டாள்.

"ணா. இத்தினி வருஷம் எழுதின, ஒண்ணும் சொல்லல. இத மட்டும் எழுதாத."

"எழுத மாட்டேன்," என்றேன்.

இடப்பக்கம்

எழுதிவிட்டேன்.

விஜயாதான் முதலில் படித்தாள். படிக்கப் படிக்கக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எழுதாதன்னு சொன்னாங்க இல்ல?"

"சொன்னா."

"இத அனுப்பினா அவங்க வர மாட்டாங்க."

"அனுப்பலன்னா?"

அவள் தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள். "அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்புங்க," என்றாள். அஞ்சலட்டையில் கேட்ட அதே கேள்வி. நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். பழி அவள் மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்பாள். அவளைச் சிரிப்புக்காக அனுமதி கேட்காமல் எழுதினேன். இப்போது அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு அனுமதி கேட்காமல் எழுதுகிறேன். வித்தியாசம் இருப்பதாக நினைத்துத்தான் தொடங்கினேன். முடிக்கும்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

இருந்தாலும், அன்று சிரித்தவர்களுக்கும், பால் வாங்கும் இடத்தில் கேட்டவர்களுக்கும்: முதல் முடிச்சை நான் போடவில்லை. அவிழ்ந்தது என் கையால்.

பத்திரிகை வியாழக்கிழமை ஊருக்கு வரும். தெருமுனைக் கடையில் முன்பக்கம் தெரியும்படி கிளிப் மாட்டித் தொங்க விடுவார்கள். ஏழே கால் பஸ் அந்தக் கடைக்கு நேராகத்தான் நிற்கும்.

கடை வலப்பக்கம் இருக்கிறது.